எந்திரத்தின் அடியில் என்ன ஓடுகிறது? கண்டியிலிருந்து ஒரு கோரிக்கைச் சாசனம்

பேராதனைப் பல்கலைக்கழகப் பொறியியற் பீடத்துக்கும், கண்டி மாநகர சபைக்கும், மத்திய மாகாண சபைக்கும், கணினிப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிறுவனத்துக்கும், டிஜிட்டல் பொருளாதார அமைச்சுக்கும்:

நாங்கள் கண்டி நகரிலும் பேராதனை, கட்டுகஸ்தோட்டை, அக்குறணை, கலஹா, கம்பளை, புசல்லாவை பக்கங்களிலும் கணினி படிப்பவர்கள், படிப்பிப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள். தமிழ் மொழிமூலம் படித்து வந்தவர்கள். எங்களில் பல்கலைக்கழக மாணவர்கள் இருக்கிறார்கள், பாடசாலை ஆசிரியர்கள் இருக்கிறார்கள், கடை மேசையில் ஸ்க்ரூட்ரைவரோடு உட்கார்ந்திருப்பவர்களும் இருக்கிறார்கள். பணிசெயல் முறைமைக்கும் கீழே ஓடுகிற மென்பொருளை, அதாவது ஃபேர்ம்வெயாரையும் அதற்குக் காவலாக நிற்கும் ஹைப்பர்வைசரையும், இந்த ஊரிலேயே எங்கள் மொழியிலேயே திறந்து படிக்க வழி செய்யுங்கள் என்று கேட்கிறோம். பொதுப்பணத்தில் வாங்கும் எந்திரங்களில் அந்த அடித்தளம் பரிசோதிக்கக்கூடியதாக இருக்க வேண்டும் என்றும் கேட்கிறோம்.

இது பல்கலைக்கழகத்துக்குள் பேசி முடிக்க வேண்டிய சமாச்சாரம் என்று நினைப்பவர்கள் கொட்டுகொடல்ல வீதிப் பக்கம், யட்டிநுவர வீதிப் பக்கம் ஒரு நாள் வந்து பார்க்கலாம். பாவித்த மடிகணினி ஒன்று திரை வராமல் கடைக்கு வருகிறது. பின்மூடியைக் கழற்றுகிறோம். எட்டுக் கால் உள்ள சின்னச் சிப் ஒன்றில் கிளிப்பை மாட்டி, மறுமுனையை சிஎச்341ஏ புரோகிராமரில் செருகி, உள்ளே இருப்பதை ஒரு கோப்பாக இறக்கி வைத்துக்கொள்கிறோம். பிறகு இணையத்தில் யாரோ ஏற்றி வைத்திருக்கும் அதே மாதிரிக்கான பயோஸ் ஃபைலைத் தேடி எடுத்து எழுதுகிறோம். திரை வருகிறது, வாடிக்கையாளர் காசைக் கொடுத்துவிட்டுப் போகிறார். அந்த ஃபைலை ஏற்றியவர் யார், அதில் என்ன சேர்த்தார் என்பது கடைக்காரருக்கும் தெரியாது, வாடிக்கையாளருக்கும் தெரியாது. இன்று அவர் அதே கணினியில்தான் வங்கிக்குப் போகிறார்.

சிப்பில் ஒளிந்திருக்கும் தீநிரல் வன்தட்டை அழித்தாலும் போகாது, விண்டோஸைப் புதிதாகப் போட்டாலும் போகாது. 2018இல் ஈசெட் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் வெளிப்படுத்திய லோஜாக்ஸ் அப்படிப்பட்டது. திருட்டுப் போன மடிகணினியைக் கண்டுபிடிக்க உதவும் மென்பொருள் ஒன்றைத் திரித்து, யூஇஎஃப்ஐ ஃபேர்ம்வெயாருக்குள் அதைக் குடியேற்றியிருந்தார்கள். 2024இல் பைனார்லி நிறுவனம் சொன்னது இன்னும் வெட்கக்கேடு. கணினி எழும்போது எதை நம்பி ஓடவிடலாம் என்று சரிபார்க்கும் செக்யூர் பூட்டின் தலைமைச் சாவியாக, ‘நம்பாதீர்கள்’ என்று தன் பெயரிலேயே எழுதியிருந்த ஒரு பரிசோதனைச் சாவியை நூற்றுக்கணக்கான கணினி மாதிரிகளில் அப்படியே வைத்து விற்றிருக்கிறார்கள். அதன் இரகசியப் பாதியும் வெளியே கசிந்திருந்தது. இதற்கு மேல், மைக்ரோசொஃப்ட்டின் 2011ஆம் ஆண்டுச் செக்யூர் பூட் சான்றிதழ்களுக்கு 2026 ஜூன் தொடங்கி காலாவதி. காலாவதியானாலும் கணினி எழும். ஆனால் எழும் கட்டத்துக்கான புதிய பாதுகாப்புத் திருத்தங்களை ஏற்காது. உற்பத்தியாளர் கைவிட்ட பத்து வருடப் பழைய மடிகணினிகள்தான் எங்கள் பிள்ளைகளின் முதல் கணினிகள். அவற்றை யார் பார்ப்பது?

அரசாங்கத்தின் எந்திரங்களும் எங்கள் கவலைக்கு வெளியே இல்லை. 2023 ஆகஸ்ட்டில் லங்கா அரசாங்க கிளவுட்டைக் கப்பநிரல் தாக்கியபோது, ஏறத்தாழ 5,000 அரச மின்னஞ்சல் முகவரிகளின் மே 17 முதல் ஆகஸ்ட் 26 வரையான தரவு திரும்பவில்லை. அமைச்சரவை அலுவலகமும் அதில் இருந்தது. ஓடிக்கொண்டிருந்தது பத்து வருடப் பழைய மின்னஞ்சல் மென்பொருள். அந்தக் காலப்பகுதிக்குத் தனியே எடுத்து வைத்த பிரதியும் இல்லை. அது ஃபேர்ம்வெயார்த் தாக்குதல் அல்ல என்பது எங்களுக்குத் தெரியும். கண்ணுக்குத் தெரியும் மேல்தளத்தையே கவனிக்காதவர்கள் கண்ணுக்குத் தெரியாத கீழ்த்தளத்தைக் கவனித்திருப்பார்கள் என்று எங்களால் நம்ப முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது டிஜிட்டல் அடையாள அட்டை வருகிறது. இந்திய நிதியுதவிக்கான உடன்படிக்கை 2022 மார்ச்சில் கைச்சாத்தானது. மொசிப் என்ற திறந்த மூலத் தளத்தின் மேல் திட்டம் வகுக்கப்பட்டிருக்கிறது. தளம் திறந்த மூலம் என்பதை நாங்கள் மனமார வரவேற்கிறோம். ஆனால் விரல்ரேகையை வாங்கும் கருவி? எங்களில் பலர் தோட்டக் குடும்பங்களின் பிள்ளைகள். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் எங்கள் பாட்டன்மாரை நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கப்பலேற்றியது. 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் வரும்வரை அந்தக் கணக்கு முடியவில்லை. பதிவேட்டில் பெயர் இருக்கிறதா இல்லையா என்பதிலேயே மூன்று தலைமுறையைக் கழித்தவர்களிடம் ‘எந்திரத்தை நம்புங்கள்’ என்று மட்டும் சொன்னால் போதாது.

எனவே கோருகிறோம்.

1. பேராதனைப் பொறியியற் பீடம், பாதுகாப்பு ஃபேர்ம்வெயாருக்கான திறந்த மூல ஹைப்பர்வைசர் ஒன்றைக் கட்டி, ஓட்டி, உடைத்துப் பார்க்கும் செய்முறை வகுப்பைத் தொடங்க வேண்டும். தன் மாணவர்களுக்கு மட்டுமல்ல. வார இறுதியில் வெளியாருக்கும்.

எதைக் கற்பிப்பது என்பதையும் சொல்லிவிடுகிறோம், ‘பார்க்கலாம்’ என்ற பதிலோடு திரும்ப எங்களுக்கு விருப்பமில்லை. எங்கள் தெரிவு ஹாஃப்னியம். கூகுளில் தொடங்கிய இந்த ஹைப்பர்வைசர் 2020இல் டிரஸ்டட் ஃபேர்ம்வெயார் என்ற சமூகத் திட்டத்தின் கீழ் வந்தது. பிஎஸ்டி உரிமம், யாரும் எடுக்கலாம், மாற்றலாம். கைத்தொலைபேசியில் இருப்பது போன்ற ஆர்ம் புரோசசர்களில் டிரஸ்ட்சோன் என்ற ஏற்பாடு உண்டு. ஒரே சிப்புக்குள் சாதாரண உலகம், பாதுகாப்பு உலகம் என்று இரண்டு. அன்ட்ரொய்டும் லினக்ஸும் முதலாவதில் ஓடும். விரல்ரேகை, இரகசியச் சாவி, கட்டணம் சம்பந்தப்பட்டவை இரண்டாவதில். நெடுங்காலம் அந்தப் பாதுகாப்பு உலகம் பழைய லயன் வீடு மாதிரித்தான் இருந்தது: அறைக்கு அறை சுவர் உண்டு, சுவர் கூரைவரை ஏறாது. ஒரு நிறுவனத்தின் டிரைவரில் ஓட்டை விழுந்தால் அடுத்த நிறுவனத்தின் சாவியும் அதோடு போகலாம். ஆர்ம்வி8.4 தலைமுறையில் பாதுகாப்பு உலகத்துக்குள்ளும் இஎல்2 என்ற ஹைப்பர்வைசர் மட்டம் சேர்ந்தது. அந்த மட்டத்தில் நின்றுகொண்டு, பாதுகாப்பு உலகத்தைத் தனித்தனிப் பார்ட்டிஷன்களாகப் பிரிப்பதுதான் ஹாஃப்னியத்தின் வேலை.

வேறு வேலைகளை அது கூடியவரை தலையில் போட்டுக்கொள்வதில்லை. எந்தப் பார்ட்டிஷனுக்கு எப்போது புரோசசர் நேரம் என்ற தீர்மானத்தைக்கூடப் பெரும்பாலும் சாதாரண உலகத்து லினக்ஸிடம் விட்டுவிடுகிறது. வேலை குறைவு என்பதால் நிரலும் சிறிது. நினைவகப் பகுதியை மட்டும் எடுத்தால் ஒரு மாணவர் ஒரு தவணைக்குள் வாசித்து விளங்கிக்கொள்ளலாம். அந்த நினைவகப் பகுதியில்தான் பாடமும் இருக்கிறது. ஒரு பார்ட்டிஷன் தன் நினைவகப் பக்கத்தை இன்னொன்றுக்கு மூன்று விதமாகக் கொடுக்கலாம். பகிர்ந்தால் இருவரும் வாசிக்கலாம். இரவல் கொடுத்தால் உரிமை கொடுத்தவரிடமே இருக்கும், ஆனால் திரும்பி வரும்வரை அவரும் தொட முடியாது. தானம் கொடுத்தால் உரிமையே மாறிவிடும். விரல்ரேகைப் படத்தை ஒரு பார்ட்டிஷனிலிருந்து இன்னொன்றுக்கு இரவலாகக் கொடுத்துவிட்டு, கொடுத்த பார்ட்டிஷனிலிருந்தே அதே பக்கத்தை வாசிக்க முயலும் சிறு நிரலை மாணவர் எழுத வேண்டும். ஹைப்பர்வைசர், கொடுத்தவரின் இரண்டாம் கட்டப் பக்க அட்டவணையிலிருந்து அந்த முகவரியை ஏற்கெனவே எடுத்துவிட்டிருக்கும். வாசிக்கப் போன நிரல் அந்த இடத்திலேயே விழும். பிறகு அட்டவணையை மாற்றும் அந்த வரியைத் தாங்களே நீக்கிவிட்டு மறுபடி ஓட்டட்டும். இம்முறை படம் கைக்கு வரும். பாதுகாப்பு என்பது எந்த வரியில் இருக்கிறது என்று பிறகு யாரும் விளக்கத் தேவையில்லை.

காசு இல்லை என்ற பதில் எங்களுக்கு வேண்டாம். இதற்கு விலையுயர்ந்த பலகை தேவையே இல்லை. சொல்லப்போனால், எல்லோரும் ஓடிப்போய் வாங்கும் ராஸ்பெரி பை 4இல் இந்தப் பாடத்தைச் செய்யவும் முடியாது. அதன் கோர்டெக்ஸ் ஏ72 புரோசசர் முந்திய தலைமுறை, பாதுகாப்பு உலகத்தில் இஎல்2 மட்டம் அதில் கிடையாது. கியூஎமு என்ற இலவசப் போலிக்கணினி 2021இல் வந்த 6.0 பதிப்பு முதல் அந்த மட்டத்தை அப்படியே நடித்துக் காட்டுகிறது. பாதுகாப்பு உலகத்தில் ஓடும் ஒப்டீ என்ற திறந்த மூல முறைமையின் கட்டுமானக் கோப்புகளில் எஸ்பிஎம்சி_ஏடி_இஎல் என்ற மாறிக்கு 2 என்று கொடுத்தால் போதும், ஹாஃப்னியமும் சேர்ந்தே கட்டப்பட்டு கியூஎமுவில் எழும்புகிறது. லினக்ஸ் போட்ட சாதாரண மடிகணினி போதும்.

முதல் நாளே ஹாஃப்னியத்தில் இறக்கிவிடாதீர்கள் என்பது எங்களில் படிப்பிப்பவர்களின் வேண்டுகோள். முதலில் கேவிஎம் என்ற ஹைப்பர்வைசர். 2007 முதல் லினக்ஸ் கேர்னலோடேயே வருகிறது. பல மடிகணினிகளில் வேர்ச்சுவலைசேஷன் வசதி பயோஸில் அணைந்தே கிடக்கும். அதைப் போடத் தெரியாமல் ‘என் மெஷினுக்குச் சரிவராது’ என்று விட்டுப்போன பிள்ளைகளைப் பார்த்திருக்கிறோம். அடுத்தது, சாதாரண உலகத்திலேயே இஎல்2 மட்டத்தில் எழுந்து ஒரு வரி அச்சிடும் சிறு நிரல். இதற்கு வேண்டுமானால் ராஸ்பெரி பை 4 உதவும். ஃபேர்ம்வெயார் கட்டம் கட்டமாக எப்படி எழுகிறது, ஒவ்வொரு கட்டமும் அடுத்ததன் கையொப்பத்தை எப்படிச் சரிபார்க்கிறது என்பது மூன்றாவது. அதற்குப் பிறகுதான் ஹாஃப்னியம், அதன் மானிஃபெஸ்ட், பார்ட்டிஷன்கள்.

2. தொடக்கக் கையேடு தமிழிலும் சிங்களத்திலும் வேண்டும். க.பொ.த. சாதாரண தரம் வரை தகவல் தொடர்பாடல் தொழினுட்பவியலைத் தமிழில் படித்த பிள்ளை, ஃபேர்ம்வெயார் என்று வந்ததும் ஆங்கிலக் கையேட்டின் முன் தனியாக நிற்கிறது. முழு நூல் கேட்கவில்லை. கியூஎமுவில் முதல் முறை எழுப்பும்வரை, வருகிற பிழைச்செய்திகளோடும் அவற்றுக்கான விளக்கத்தோடும், ஐம்பது பக்கம் போதும். சொல்லாக்கக் குழு கூடி முடிவெடுக்கட்டும் என்று இரண்டு வருடம் காத்திருக்கவும் வேண்டாம். கடையில் வழங்கும் சொல்லையே எழுதுங்கள். எழுத நாங்கள் வருகிறோம். சரிபார்த்துத் தரும் பொறுப்பைப் பீடம் ஏற்க வேண்டும். உரிமம் திறந்ததாக இருக்க வேண்டும், டியூஷன் வகுப்புக்காரர் பிரதியெடுத்து விற்றாலும் பரவாயில்லை.

இலங்கைக்கு இது புதிய பாதையும் அல்ல. 2004 சுனாமிக்குப் பிறகு இங்குள்ள தன்னார்வலர்கள் எழுதிய சஹானா என்ற அனர்த்த முகாமைத்துவ மென்பொருள் திறந்த மூலமாகப் பிறந்து வெளிநாடுகளிலும் பயன்பட்டது. மொறட்டுவைப் பல்கலைக்கழக மாணவர்கள் கூகுளின் கோடைகால நிரலாக்கத் திட்டத்தில் உலக அளவில் பல வருடங்கள் முன்னணியில் நின்றார்கள். மகாவலிக்கு இந்தப் பக்கம் அது நடக்கக்கூடாதா?

3. டீ. எஸ். சேனாநாயக்க நினைவுப் பொது நூலகத்தில் இரண்டு கணினி, ஒரு வன்தட்டு. கணினி ஒவ்வொன்றிலும் 16 ஜிபி நினைவகம். வன்தட்டில் டிரஸ்டட் ஃபேர்ம்வெயார், ஹாஃப்னியம், ஒப்டீ, கியூஎமு, லினக்ஸ் ஆகியவற்றின் மூலநிரலும் கட்டத் தேவையான கருவிகளும், மாதம் ஒருமுறை புதுப்பித்தபடி. மூலநிரலையும் அதன் துணைத் தொகுதிகளையும் ஒரு தடவை முழுதாக இறக்கினாலே ரீலோட் போட்ட டேட்டா முடிந்துவிடும். பாதியில் அறுந்தால் திரும்பவும் முதலிலிருந்து. புசல்லாவையிலிருந்து பஸ் ஏறி வரும் பிள்ளை பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போகட்டும். ஆர்ம் நிறுவனத்தின் எஃப்விபி மாதிரியும் ஹாஃப்னியத்தைச் சோதிக்க உதவும், இலவசமாகவும் கிடைக்கும். ஆனால் அது திறந்த மூலம் அல்ல, பொது வன்தட்டில் போட்டுப் பகிர முன் அதன் உரிமத்தை வாசிக்க வேண்டும். அதை அவரவர் இறக்கிக்கொள்ளலாம்.

4. மாநகர சபையும் மாகாண சபையும் அவற்றின் கீழுள்ள வைத்தியசாலைகளும் பாடசாலைகளும் கணினி, ரவுட்டர், கண்காணிப்புக் கமரா எது வாங்கினாலும் விலைமனுக் கோரலில் இவற்றைக் கேட்க வேண்டும்: ஃபேர்ம்வெயார்த் திருத்தங்கள் எத்தனை வருடம் வரும், அவை கையொப்பமிடப்பட்டவையா, செக்யூர் பூட்டின் தலைமைச் சாவி யாருடையது, தேவைப்பட்டால் அதை நிறுவனமே மாற்ற முடியுமா, உள்ளே இருக்கும் திறந்த மூலக் கூறுகள் எவை. ஜிபிஎல் உரிமத்தில் உள்ள யூ-பூட்டையும் லினக்ஸையும் உள்ளே வைத்து விற்பவர், கேட்டால் மூலநிரலைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். அதைக் கேட்க வேண்டியது வாங்குபவர்தான். ஆகக் குறைந்த விலை என்ற ஒரே அளவுகோலை வைத்துக்கொண்டு இதில் எதையும் செய்ய முடியாது. ரூபாய்க் கணக்கில் சற்றுக் கூடும் என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம்.

5. டிஜிட்டல் அடையாளத்துக்கு விரல்ரேகை எடுக்கும் கருவிகளை மொசிப் விதிகள் இரண்டு தரமாகப் பிரிக்கின்றன. எல்0 தரத்தில், எடுத்த பதிவுக்குக் கையொப்பமிடும் வேலை பக்கத்திலிருக்கும் கணினியின் மென்பொருளில் நடக்கும். எல்1 தரத்தில் அது கருவிக்குள்ளேயே, பாதுகாக்கப்பட்ட சிப்பிலோ சூழலிலோ நடக்கும். மலையகத்துக்கு வரும் பதிவுக் குழுக்கள் எல்1 தரக் கருவிகளை மட்டும் கொண்டுவர வேண்டும். கருவியின் மாதிரி, ஃபேர்ம்வெயார்ப் பதிப்பு, யார் சான்றளித்தது என்பவை ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் மூன்று மொழியிலும் ஒட்டப்பட வேண்டும். கொழுந்து பறித்து ரேகை தேய்ந்த விரலைக் கருவி ஏற்காவிட்டால் என்ன மாற்றுவழி என்பதும் அதே பலகையில் இருக்கட்டும். ‘சிஸ்டம் எடுக்குதில்ல’ என்று சொல்லி ஒரு அம்மாவைத் திருப்பி அனுப்புவதை நாங்கள் ஏற்கமாட்டோம்.

6. இலங்கை சேர்ட் ஃபேர்ம்வெயார் எச்சரிக்கைகளைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் ஒரே நாளில் வெளியிட வேண்டும். நல்லெண்ணத்தோடு ஒரு குறையைக் கண்டு அறிவிப்பவருக்கு என்ன பாதுகாப்பு என்பதை எழுத்தில் அறிவிக்க வேண்டும். 2007ஆம் ஆண்டின் 24ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டம் அதிகாரமின்றி நுழைவதைக் குற்றமாக்குகிறது. அதில் எங்களுக்கு மறுப்பில்லை, பிறர் எந்திரத்தில் கைவைப்பது எங்கள் நோக்கமும் அல்ல. தன் சொந்த ரவுட்டரைத் திறந்து பார்த்து ஓட்டை கண்ட பத்தொன்பது வயதுப் பிள்ளை, சொல்லலாமா விடலாமா என்று பயந்து பேசாமல் இருக்கக்கூடாது.

7. பழுதுபார்ப்பவர்களுக்கு ஒரு சரிபார்ப்பு மேசை. உற்பத்தியாளர் வெளியிட்ட அசல் ஃபேர்ம்வெயாரின் ஹாஷ் மதிப்புகளைச் சேர்த்து வைத்து, கடையில் இறக்கிய கோப்பை அதனோடு ஒப்பிட்டுச் சொல்லும் சிறு சேவை. இதில் ஒரு சிக்கல் உண்டு: தொடரிலக்கமும் அமைப்புகளும் எழுதப்பட்ட பகுதிகள் எந்திரத்துக்கு எந்திரம் வேறுபடும், முழுக் கோப்பையும் ஒப்பிட்டால் எதுவுமே பொருந்தாது. நிரல் உள்ள பகுதிகளை மட்டும் பிரித்து ஒப்பிட வேண்டும். பீடத்தின் இறுதியாண்டு மாணவர் இருவருக்குத் தகுந்த செயற்றிட்டம் அது. கடைகளின் மேல் பரிசோதகரை ஏவிவிடும் திட்டமாக மட்டும் இதை மாற்றிவிடாதீர்கள். தண்டப்பணத்துக்குப் பயந்தால் யாரும் கோப்பைக் கொண்டுவரமாட்டார்கள்.

எங்கள் பக்கத்திலிருந்து: இரண்டாம் கோரிக்கையின் கையேட்டுக்கு முதல் வரைவை நாங்கள் எழுதித் தருகிறோம். நூலகத்தின் வன்தட்டைப் புதுப்பிக்கும் வேலையை முறைவைத்துச் செய்கிறோம். சரிபார்ப்பு மேசை திறந்தால், எங்கள் கடைகளில் சேர்ந்து கிடக்கும் பயோஸ் கோப்புகளில், உரியவர் சம்மதித்தவற்றை அங்கே கையளிக்கிறோம்.

1, 2, 3, 7ஆம் கோரிக்கைகளுக்குப் பதிலை எழுத்தில், தமிழிலும் தருமாறு கேட்கிறோம்; வாய்மொழி உறுதியைப் பதிலாகக் கொள்ளமாட்டோம். 4, 5, 6ஆம் கோரிக்கைகள் தொடர்பாக, ஏற்கெனவே வாங்கிய கருவிகளின் மாதிரிகளையும் ஃபேர்ம்வெயார் ஆதரவுக் காலத்தையும், குறை அறிவிப்போர் பற்றிய நடைமுறையையும் கேட்டு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் இந்தச் சாசனத்தோடு சேர்த்தே விண்ணப்பங்களைக் கொடுக்கிறோம். தகவல் அலுவலர் தீர்மானத்தை அறிவிக்கச் சட்டம் தரும் காலம் 14 வேலை நாட்கள். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், அங்கும் தீராவிட்டால் ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்வோம்.